உருகும் கடலில் பங்கு பிரிப்பது எப்படி?

கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகரிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் வழியாக ஒரு குறுகிய சாலை மேலே ஏறுகிறது. இருபக்கமும் தேயிலைச் செடிகள் கத்தரித்த கம்பளம்போல் கிடக்கும். ஏற ஏற தேயிலை முடிந்து காடு தொடங்கும். இன்னும் மேலே போனால் மரங்கள் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி போர்த்தி, மேகம் முகத்தில் வந்து மோதும். அதுதான் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஈப்போவில் வியர்க்கும்போது பிரிஞ்சாங்கில் கம்பளிச் சட்டை தேவைப்படுவது இதனால்தான். இந்தக் குளிரை நம்பித்தான் பாசி, ஆர்க்கிட், குடுவைச்செடி எல்லாம் அங்கே வாழ்கின்றன. உலகம் சூடேறினால் இவை என்ன செய்யும்? குளிரைத் தேடி இன்னும் கொஞ்சம் மேலே போகும். ஆனால் மலைக்கு ஓர் உச்சி உண்டு. அதற்குமேல் ஏற இடமில்லை.

துருவக் கடல்களின் கதையும் இதுதான். குளிரை நம்பி வாழும் உயிர் துருவத்தை நோக்கி நகரலாம். துருவத்திற்கு அப்பால் இன்னொரு துருவம் கிடையாது. தெற்கே நிலைமை இன்னும் நெருக்கடியானது. அங்கே நடுவில் அண்டார்டிகா என்ற கண்டமே சுவராக நிற்கிறது.

"அண்டார்டிகா எங்கே, நாம் எங்கே? இதைப் பற்றி நமக்கு என்ன?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். கேள்வி நியாயமானதே. பதிலைப் பேரங்காடியிலிருந்தே தொடங்கலாம். மருந்துக் கடையில் சிவப்பு மாத்திரையாக விற்கும் கிரில் எண்ணெய் அண்டார்டிக் கடலில் பிடித்த கூனியிலிருந்து வருவது. பண்ணையில் வளர்க்கும் சால்மன் மீனுக்குப் போடும் தீனியிலும் அந்தக் கூனியின் மாவு சேர்கிறது. பெரிய ஓட்டல்களில் 'சிலி கடல் பாஸ்' என்ற பெயரில் பரிமாறப்படும் மீனும் தென்கோடிக் கடலின் பல்மீன் வகைதான். பெயரை மாற்றி விலையை ஏற்றுவது வியாபாரத்தில் பழைய வித்தை.

கூனியின் மேல் நிற்கும் உலகம்

கிரில் என்பது பார்வைக்கு இறால் குஞ்சு மாதிரி இருக்கும். முழுதாக வளர்ந்தாலும் 6 செண்டிமீட்டர்தான், அதாவது நம் சுண்டுவிரல் நீளம். நம் கரையோரத்தில் பிளாச்சான் செய்யப் பிடிக்கும் கூனிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தென்கடலில் ஏறக்குறைய எல்லாரும் உண்டு வாழ்வது இதைத்தான். திமிங்கிலம், கடல்நாய் வகைகள், பெங்குவின், மீன், கடற்பறவை என எல்லாவற்றுக்கும் அடுப்படி ஒன்றே. 2019-ஆம் ஆண்டு தென் அட்லாண்டிக் பகுதியில் நடந்த பெரிய கணக்கெடுப்பில் அங்கு மட்டும் சுமார் 6 கோடியே 26 லட்சம் டன் கிரில் இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

இந்தக் கூனிக்கும் பனிக்கும் உள்ள உறவு சுவையானது. கடல்நீர் உப்பாக இருப்பதால் பூஜ்ஜியத்தில் உறைவதில்லை. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். குளிர்காலத்தில் கடலின்மேல் பனிப்படலம் மூடிக்கொள்ளும்போது அதன் அடிப்புறத்தில் நுண்பாசி ஒட்டி வளரும். வெளியே சூரியன் இல்லை, தண்ணீரில் உணவு இல்லை. அந்த மாதங்களில் கிரில் குஞ்சுகள் பனியின் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்று உயிர் பிழைக்கின்றன. பனிப்படலம் அவற்றுக்குக் கூரையும் வயலும் ஆகும். பனி தாமதமாக வந்து சீக்கிரம் கலைந்துபோகும் ஆண்டுகளில் குஞ்சுகள் பிழைப்பது குறைகிறது. கிரில்லுக்கு வெப்பமும் ஆகாது. தண்ணீர் சுமார் 5 டிகிரியைத் தாண்டினால் அது செழிப்பதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தே ஐஸ் கோப்பையில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் கோப்பை வழிவதில்லை. கண்டத்தின் மேல் கிடக்கும் பனிப்பாளம் கடலில் சரிந்தால்தான் மட்டம் உயரும். மிதக்கும் பனி கலைவதால் வரும் ஆபத்து வேறு. அது ஒரு முழு உயிர்க்கூட்டத்தின் கூரை பறிபோவது.

அந்தக் கூரை இப்போது ஆட்டம் காண்கிறது. வட துருவத்தில் பனி பல பத்தாண்டுகளாகச் சுருங்கிவர, தென் துருவத்தில் மட்டும் 2014 வரை அது சற்றே கூடிக்கொண்டிருந்தது. "அங்கே ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களுக்கு அது வசதியாக இருந்தது. பிறகு நிலைமை தலைகீழானது. 2023 பிப்ரவரியில் அண்டார்டிகாவைச் சுற்றி எஞ்சிய பனிப்படலம் 17 லட்சத்து 90 ஆயிரம் சதுர கிலோமீட்டர் மட்டுமே. துணைக்கோள் வைத்து அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை கண்டதில் இதுவே மிகக் குறைவு. அதே ஆண்டு செப்டம்பரில், குளிர்காலத்தின் உச்சத்திலும், முந்தைய குறைந்தபட்சப் பதிவைவிட ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர் குறைந்திருந்தது. மலேசியாவைப் போல் மூன்று நாடுகள் சேர்ந்த பரப்பு அது.

விளைவு உடனே தெரிந்தது. பேரரசப் பெங்குவின் நிலத்தில் கூடு கட்டுவதில்லை. கரையோடு ஒட்டிய கடற்பனியின் மேல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைக்கும்வரை, அதாவது டிசம்பர் வாக்கில்வரை, காலடியில் பனி நிலைத்திருக்க வேண்டும். 2022-இல் பெலிங்ஸ்ஹவுசன் கடலின் ஒரு பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அந்தப் பருவத்துக் குஞ்சு ஒன்றுகூடத் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று துணைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் 2023-இல் அறிவித்தார்கள்.

தென்கடலில் எல்லா உயிருக்கும் ஒரேபோல் இழப்பு என்று சொல்லிவிட முடியாது. அண்டார்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பனியை நம்பிய அடெலி பெங்குவின் வெகுவாகக் குறைந்துவிட்டது. பனி இல்லாமலும் வாழப் பழகிய ஜெண்டூ பெங்குவின் அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. கிரில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு தெற்கே ஒதுங்கியது என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பழைய இடத்தில், பழைய கணக்கில் அது இனி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

தேயிலைத் தோட்டம் சொல்லும் கணக்கு

இனிதான் நிர்வாகத்தின் கேள்வி வருகிறது. அந்தக் கடலில் மீன் பிடிக்கலாமா, பிடித்தால் எவ்வளவு?

மனிதன் அங்கே முதலில் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் தென்கடலில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் சுமார் 20 லட்சம். திமிங்கிலம் தீர்ந்ததும் மீன் பக்கம் திரும்பினார்கள். தென் ஜார்ஜியா தீவைச் சுற்றி 1969-க்கும் 1971-க்கும் இடையே இரண்டே பருவங்களில் சோவியத் கப்பல்கள் சுமார் 5 லட்சம் டன் பாறைக்கெண்டை வகை மீனை அள்ளின. அந்த மீன்வளம் அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பழைய நிலைக்கு எழவில்லை. அடுத்து கிரில்லின் முறை வந்தபோதுதான் நாடுகள் விழித்துக்கொண்டன.

அதன் பலன் 1980-இல் கையெழுத்தாகி 1982-இல் நடப்புக்கு வந்த அண்டார்டிக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஒப்பந்தம். அதன் ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இயங்குகிறது. 'எவ்வளவு மீன் பிடித்தால் மீன் தீராது' என்று மட்டும் கேட்பது மற்ற மீன்பிடி ஒப்பந்தங்களின் வழக்கம். இந்த ஒப்பந்தமோ, அந்த மீனை உண்டு வாழும் மற்ற உயிர்களுக்கு மீதி இருக்குமா என்றும் கேட்டது. இருபது, முப்பது ஆண்டுகளில் சரிசெய்ய முடியாத எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்தது. சாதாரண மீனில் பாதியையாவது கடலில் விட வேண்டும் என்றால், மற்றவர்களுக்கு உணவான கிரில்லில் முக்கால் பங்கை விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தக் காலத்தை நினைத்தால் இது பெரிய தொலைநோக்கு என்றே சொல்ல வேண்டும்.

தென் அட்லாண்டிக் பகுதியில் கிரில்லுக்கு இப்போது நடைமுறையில் உள்ள வரம்பு ஆண்டுக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் டன். இருப்போடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்று. "நூற்றில் ஒன்று எடுப்பதில் என்ன குடி முழுகிவிடும்?" என்று கப்பல் நிறுவனங்கள் கேட்கின்றன.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பதில் எளிதில் புரியும். ஒரு தோட்டம் முழுவதும் சேர்த்து இன்ன எடைக் கொழுந்து பறிக்கலாம் என்று கணக்கு வைத்தாயிற்று. அந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் எல்லாரும் சாலையோரம் உள்ள ஒரே பாத்தியில் இறங்கி, நாள்தோறும் அங்கேயே பறித்தால் என்ன ஆகும்? தோட்டத்தின் மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கும். அந்தப் பாத்திச் செடி மட்டும் மொட்டையாகிச் செத்துப்போகும். இன்றைக்கு இந்தப் பாத்தி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி கொழுந்து எழுந்தபிறகுதான் அதே இடம் என்று சுற்று வைத்துப் பறிப்பது இதற்காகத்தான்.

கிரில் கப்பல்களும் சாலையோரப் பாத்தியைத்தான் தேடுகின்றன. கிரில் கூட்டமாக அடர்ந்திருக்கும் இடம் அண்டார்டிக் தீபகற்பத்தின் கரையோரமும் சில தீவுகளின் ஓரமும். பெங்குவினும் திமிங்கிலமும் வந்து உண்பதும் அதே இடத்தில்தான். குஞ்சு வைத்திருக்கும் பெங்குவின் வெகுதூரம் போய்த் தேட முடியாது. அருகில் கிடைக்காவிட்டால் குஞ்சு பட்டினி. நவீனக் கப்பல்கள் சிலவற்றில் வலையை மேலே தூக்குவதே இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் வலையின் முனையில் குழாய் மாட்டி, இரவு பகலாகக் கிரில்லைக் கப்பலுக்குள் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார்கள்.

வெப்பம் செய்யும் கொடுமையே இங்குதான் இரட்டிப்பாகிறது. பனி குறைந்தால் கிரில் குஞ்சு பிழைப்பது சிரமம். அதே பனி குறைந்தால் கப்பலுக்கு வழி திறக்கிறது. முன்பு உறைந்து கிடந்த இலையுதிர்கால, குளிர்கால மாதங்களிலும் கரையோரம் போய்ப் பிடிக்க முடிகிறது. யாருடைய வீட்டுக் கூரை பறந்ததோ, அதே வீட்டின் கதவையும் காற்று திறந்துவிட்ட மாதிரி.

இதை உணர்ந்துதான் 2009-இல் ஆணையம் மொத்த வரம்பை நான்கு உட்பகுதிகளாகப் பிரித்தது. தீபகற்பப் பகுதியில் மொத்தத்தில் கால் பங்குக்கு, அதாவது 1 லட்சத்து 55 ஆயிரம் டன்னுக்குமேல் பிடிக்கக்கூடாது என்றது. தோட்டத்துச் சுற்று முறைக்கு ஒப்பான ஏற்பாடு. ஆனால் அது தற்காலிக விதி. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2024 கூட்டத்தில் உறுப்பு நாடுகள் உடன்படாததால் அந்த விதி காலாவதியாகிவிட்டது. மொத்த வரம்பு மட்டும் மிஞ்சியது. அடுத்த பருவத்திலேயே, 2025 ஆகஸ்டு தொடக்கத்தில், வரலாற்றில் முதன்முறையாக முழு வரம்பும் எட்டப்பட்டு மீன்பிடிப்பு முன்கூட்டியே மூடப்பட்டது.

இந்த ஆணையத்தில் வாக்கெடுப்பு கிடையாது. 27 உறுப்பினரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலையசைக்காவிட்டாலும் காரியம் நின்றுபோகும். ராஸ் கடலில் 15 லட்சத்து 50 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக 2016-இல் அறிவித்தது இந்த முறையின் பெருமை. கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல், தீபகற்பம் ஆகியவற்றுக்கான திட்டங்கள் ரஷ்யாவும் சீனாவும் இசையாததால் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடப்பது இதே முறையின் பலவீனம். அறிவியல் சான்று போதாது என்பது அவை சொல்லும் காரணம். சான்று முழுமையாகக் கையில் வரும் நாளில் பாதுகாக்க என்ன மிஞ்சியிருக்கும் என்பது மறுதரப்பின் கேள்வி.

வடக்கே கற்ற பாடம்

சான்றுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட துருவத்தின் வாசலில் உள்ள பெரிங் கடல் சாட்சி. அங்கே பனி நண்டு பிடிப்பது அலாஸ்கா மக்களுக்குப் பெரிய வருமானம். 2018, 2019 ஆண்டுகளில் கடலில் கடும் வெப்ப அலை வீசியது. அடியாழத்தில் தேங்கி நிற்கும் குளிர்நீர்ப் பகுதி சுருங்கியது. சூடேறிய நீரில் நண்டுக்குப் பசி கூடும். உணவோ அந்த அளவுக்கு இல்லை. சுமார் 1,000 கோடி நண்டுகள் மறைந்துபோயின. 2022-இல் வரலாற்றில் முதன்முறையாக அந்த நண்டுப் பருவமே இரத்தானது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே நிர்வாகம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆண்டுதோறும் கணக்கெடுப்பு, ஒதுக்கீடு எல்லாம் இருந்தன. கடல் மாறிய வேகத்துக்குக் கணக்கு ஈடுகொடுக்கவில்லை.

அதற்கும் வடக்கே, ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவில், நாடுகள் வேறு விதமாக நடந்துகொண்டன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் அது. இதுவரை பனி மூடியிருந்ததால் யாரும் அங்கே வணிகத்துக்காக மீன் பிடித்ததில்லை. பனி விலகத் தொடங்கியதும், என்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஆராய்ந்து தெரியும்வரை யாரும் வலை வீசுவதில்லை என்று 2018-இல் ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்பந்தம் செய்தன. 2021 ஜூனில் அது நடப்புக்கு வந்தது. முதல் தவணை 16 ஆண்டுகள். ரஷ்யா, சீனா, அமெரிக்கா மூன்றும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டிருப்பது இந்தக் காலத்தில் சாதாரண செய்தியல்ல. லாபம் கண்ணில் படுவதற்கு முன்பே பேசிவிட்டார்கள், அதனால்தான் முடிந்தது.

மலேசியாவின் பங்கு

இந்தக் கதையில் நம் நாடு வெறும் பார்வையாளர் இல்லை. 1982-இல் ஐ.நா. பொதுச் சபையில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், அண்டார்டிகா சில நாடுகளின் சொத்தாக இருக்கக் கூடாது, அது மனித குலத்துக்கே பொது என்று வாதாடினார். மறு ஆண்டே அது ஐ.நா.வின் நிகழ்ச்சிநிரலில் ஏறியது. ஒப்பந்த நாடுகளுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு மெல்ல நிலைமை மாறியது. 1999-இல் மலேசியாவின் அண்டார்டிக் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 2002-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கான தேசிய ஆய்வு மையம் அமைந்தது. 2011 அக்டோபர் 31-இல் மலேசியா அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு சுல்தான் மிசான் அண்டார்டிக் ஆய்வு அறவாரியம் உருவானது. வெளியே நின்று கேள்வி கேட்ட நாடு உள்ளே போய் உட்கார்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அங்கே முடிவெடுக்கும் தகுதி பெற்ற நாடாக மலேசியா இன்னும் ஆகவில்லை. கிரில்லுக்கு வரம்பு வைக்கும் ஹோபார்ட் ஆணையத்திலும் அது உறுப்பினர் இல்லை. இந்தியா அதில் 1986 முதல் உறுப்பினர். கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல் பாதுகாப்புத் திட்டங்களுக்கு 2021-இல் ஆதரவும் தெரிவித்தது.

உறுப்பினராக இல்லாவிட்டாலும் நம் துறைமுகங்களுக்கு வேலை இருக்கிறது. தென்கடலில் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்படும் பல்மீனை எங்காவது ஒரு கரையில் இறக்கித்தானே விற்க வேண்டும்? 2015-இல் பன்னாட்டுக் கறுப்புப் பட்டியலில் இருந்த 'பெர்லோன்' என்ற கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்கத் துறை ஜொகூர் கடற்பகுதியில் பிடித்து நிறுத்தியது. அண்டார்டிக் மீனைக் காப்பாற்றும் வேலை நிலநடுக்கோட்டின் பக்கத்திலேயே நடந்தது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே ரோந்து போவதைவிட, இறக்கும் இடத்தில் கதவை அடைப்பது செலவு குறைந்த வழி.

நம் ஆய்வாளர்களின் இன்னொரு வேலை ஓசையில்லாமல் நடந்து வந்திருக்கிறது. அண்டார்டிகாவிலிருந்து கொண்டுவந்த நுண்பாசிகளை மலாயாப் பல்கலைக்கழகத்தின் பாசித் தொகுப்பில் குளிரூட்டி வைத்து வளர்க்கிறார்கள். வெளியே கோலாலம்பூரின் வெயில். உள்ளே துருவத்துக் குளிர். வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, எந்த அளவில் எந்தப் பாசி தளர்கிறது என்று பார்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளியான முடிவுகளில், நிலத்து ஈரத்திலும் பனியோரத்திலும் வாழும் சில வகைகள் 20 டிகிரியிலும் வளர்ந்தன என்று தெரிந்தது. 20 டிகிரி என்றால் பிரிஞ்சாங்கின் இதமான பகல்பொழுது. துருவத்துப் பாசி சில நம் மலையிலும் பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. பாசியைத் தின்னும் கிரில்லுக்கு 5 டிகிரிக்கு மேல் தாங்காது. கிரில்லைத் தின்னும் பெங்குவினுக்கோ டிசம்பர் வரை காலடியில் பனி வேண்டும்.